மாதிரி: ஒன்று

பல் போனால் சொல் போகும் என்று சொல்லி வைத்தவர்கள், சொல் போனால் என்ன போகும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். வேலை போகும். பேருந்து நிலையத்தின் மேலாளர் அதை அறிவிப்புக்காரியிடம் தெளிவாகவே சொன்னார். அவருக்கு எல்லாப் பல்லும் இருந்தன.

அறிவிப்புக்காரி அந்த நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தத் தடத்தில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவள். கூண்டின் முன்பக்கத்துச் சன்னல் கதவு மேலே தூக்கித் திறப்பது. அது மேலே நிற்காமல் நெடுநாளாக வழுக்கிக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுத்துப் பார்த்தாள்; யாரும் வரவில்லை. ஒரு நாள் தலையை வெளியே நீட்டி ஒரு பெரியவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு பிடரியில் இறங்கியது. வாய் சன்னல் விளிம்பில் மோதியது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் பெரியவரின் பைக்குள் விழுந்தன. அவர் கவனிக்காமல் வண்டி ஏறிப் போய்விட்டார்.

"கதவு அலுவலகச் சொத்து. அதுக்கு ஒண்ணும் ஆகல, நான் பாத்துட்டேன்" என்றார் மேலாளர். "வாய் உங்க சொந்தச் சொத்து. அதுக்கு நாங்க பொறுப்பில்ல. ஆனா அந்த வாயிலேர்ந்து வர்ற சத்தம் இருக்கு பாருங்க, அது அலுவலகச் சொத்து. அது கெட்டுப்போச்சுன்னா கேக்க எங்களுக்கு உரிமை இருக்கு."

நாக்கு மேற்பல்லைத் தொட்டால்தான் பிறக்கும் எழுத்துகள் இரண்டு, த-வும் ந-வும். அவை இரண்டும் இல்லாமல் கோபப்படலாம், அழலாம், கடவுளைக்கூடக் கூப்பிடலாம். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு மட்டும் செய்ய முடியாது. "மூன்றாவஹு ஹடஹ்ஹில் ஹிற்கும் வண்டி ஹாமஹமாகப் புறப்படும்" என்று ஒலிபெருக்கி சொன்ன அன்று பயணிகள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'ஹாமஹம், ஹாமஹம்' என்று தாளம் போட்டுக்கொண்டே வண்டி ஏறினார்கள்.

"புது நேரப் பட்டியல் வர்றதுக்குள்ள வாயைச் சரி பண்ணிட்டு வாங்க" என்றார் மேலாளர். "இல்லன்னா மெஷின் வெச்சுடுவேன். மெஷினுக்குப் பல்லே தேவையில்ல."

வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். தங்கச்சி சலவைக்கடையில் ஒரு நாள் வேலைக்குப் போவாள், மறுநாள் முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு வீட்டில் இருப்பாள். இப்போது வீட்டில் இருந்தாள்.

"அக்கா, அந்தப் பெரிய பல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போவோம். லேசர் வெச்சு ஒட்டுறாங்களாம். ஒட்டினா செத்தாலும் விடாதாம்."

"சாகறஹுக்கு இல்லடி, பேசறஹுக்கு" என்றாள் அக்காள்.

ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் ஒரு சிரிக்கும் வாயின் படம் மாடி உயரத்துக்கு இருந்தது. அந்த வாயைச் சுற்றி மூக்கு, கண், முகம் எதுவும் வரையப்படவில்லை. நிலையத்துக்கு அவை தேவைப்பட்டதில்லை.

பதிவு மேசையில் எழுத்தர் தலையைத் தூக்காமல் கேட்டார்: "நோயாளியா, மாதிரியா?"

அறிவிப்புக்காரி யோசித்தாள். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. இல்லாத நோயைச் சொல்லி ஓர் அலுவலகத்தை ஏமாற்றுவது அவளுக்குப் பிடிக்காது.

"ஹோயெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. பல்லு போனப்புறம் வாய்ஹான் ஒரு மாஹிரியா இருக்கு."

பல் இல்லாதவர்களின் பேச்சு எழுத்தருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "ஒரு மாதிரி" என்று தெளிவாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே, 'மாதிரி: ஒன்று' என்று எழுதி முத்திரை குத்தினார்.

"அய்யா, அவ ஒரு மாதிரின்னு சொன்னது வந்து..." என்று தங்கச்சி குறுக்கிட்டாள்.

"அதான் எழுதிட்டேனேம்மா. ஒரு மாதிரி. ஏன், ரெண்டா கொண்டு வந்திருக்கீங்க?"

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப ஒண்ணுதான். வலது பக்கம் போங்க."

இடது பக்கம் நோயாளிகள் பகுதி. அங்கே சாய்வு நாற்காலிகள் இருந்தன. மரத்துப்போக ஊசி போட்டார்கள். வலிக்குதா என்று கேட்கிற செவிலி ஒருத்தி இருந்தாள். வலது பக்கம் மாதிரிகள் பகுதி. அங்கே அலமாரிகள் இருந்தன. ஆராய்ச்சிக்கு வருகிற மாதிரிகள் வழக்கமாகப் பொத்தான் அளவு பிளாஸ்டிக் வட்டுகளாக, டப்பாவில் வரும். கன்னம், கழுத்து, தங்கச்சி எல்லாம் சேர்ந்து ஒரு மாதிரி வருவது அபூர்வம்தான். ஆனால் பதிவில் இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. உட்கார அலமாரி பொருந்தாது என்பதால் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள்.

அதில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். தையல்காரர். நூலைப் பல்லால் கடித்துக் கடித்தே ஒரு முன்பல் விழுந்தவர். அவரும் நோயாளியாகத்தான் வந்தாராம். "பழைய பல்லு மாதிரியே வேணும்னு சொன்னேன். அவ்வளவுதாம்மா சொன்னேன்" என்றார்.

மாதிரிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஆய்வு மருத்துவரை எல்லாரும் லேசரம்மா என்றார்கள். நல்ல பெண், சின்ன வயது. பட்டத்துக்கான கட்டுரை முடிய வேண்டும் என்ற ஒரே கவலையில் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. அவள் அறிவிப்புக்காரியின் வாயைத் திறந்து பார்த்து, தங்கச்சியிடம் விளக்கினாள். மாதிரிகளிடம் நேராகப் பேசும் வழக்கம் அங்கே இல்லை.

"பல்லு போன இடத்துல பாலிமர்ல ஒரு சட்டம் வெப்போம். நல்ல உறுதி. ஆனா நிறம் பல்லு மாதிரி இருக்காது, மேல பல்லு நிறத்துல ரெசின் பூசணும். பிரச்சினை என்னன்னா, பாலிமர் வழவழன்னு இருக்கும். ரெசின் பிடிக்காம உரிஞ்சு வந்துடும். அதனால லேசரால பாலிமரைச் சுட்டு, சின்னச் சின்னக் குழியா பண்ணுவோம்."

"சுவத்துல பூச்சு நிக்கறதுக்குக் கொத்தி விடுவாங்களே, அதுவா?"

லேசரம்மா முகம் சுளித்தாள். "கொத்து வேலைக்கு யாரும் ஆய்வுக் கட்டுரை எழுத மாட்டாங்க."

மாதிரிகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. 'அ' குழுவுக்கு ஒன்றுமே செய்யாமல் ரெசினைப் பூசுவார்கள். 'ஆ' குழுவுக்கு அமிலம். 'இ' குழுவுக்கு மணல் வீச்சு. 'ஈ' குழுவுக்கு லேசர். தையல்காரர் 'அ'.

"இவங்க ஈ" என்றாள் லேசரம்மா.

அறிவிப்புக்காரி உடனே உதட்டை விரித்து ஈ என்று காட்டினாள்.

"காட்டச் சொல்லல. இவங்களே ஈ."

அன்று இயக்குநர் மாதிரிகளைப் பார்வையிட வந்தார். வெள்ளைக் கோட்டுக்கு மேலே இன்னொரு வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். உள்ளே இருந்தது மருத்துவருக்கானது, வெளியே இருந்தது இயக்குநருக்கானது. அலமாரியில் இருந்த வட்டுகளையும் பெஞ்சில் இருந்தவர்களையும் பொதுவாகப் பார்த்துப் பேசினார்.

"வழவழப்பு இருக்கே, அது ஒருவகைத் திமிர். வழவழப்பா இருக்கிறது எதையும் பிடிச்சுக்காது, எதுக்கும் கட்டுப்படாது. நான் இந்த நிலையத்துக்கு வந்தப்ப இங்க இருந்தவங்க எல்லாரும் வழவழன்னு இருந்தாங்க. சிரிப்பாங்க, ஒருத்தரை ஒருத்தர் டீ குடிக்கக் கூப்பிடுவாங்க. என்கிட்ட மட்டும் ஒட்ட மாட்டாங்க. ஒவ்வொருத்தரா கூப்பிட்டுச் சுட்டேன். சொல்லாலதான் சுட்டேன், லேசர் அப்ப வரல. இப்ப பாருங்க, ஒருத்தர் விடாம என்கிட்ட ஒட்டிக்கிட்டு இருக்காங்க." திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் தலையசைத்தார்கள். எல்லார் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம் இருந்தது. "காயம் இல்லாம ஒட்டு இல்ல. எழுதிக்குங்க." எழுதிக்கொண்டார்கள்.

லேசரால் சுட்டது பாலிமர் சட்டத்தைத்தான்; அது மேசையில் இருந்தது. ஆனால் மாதிரி முழுவதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற விதிப்படி, அறிவிப்புக்காரியும் மேசையில் தலையைச் சாய்த்துச் சட்டத்துக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். டிக் டிக் என்று சத்தம். பிளாஸ்டிக் கருகும் வாசனை. கூடவே முடி கருகும் வாசனை.

"அசையாதீங்க" என்றாள் லேசரம்மா சட்டத்தைப் பார்த்து.

சட்டத்தைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டி, ரெசினைப் படலம் படலமாகப் பூசி, நீல விளக்கு காட்டி இறுக்கினார்கள். மரத்துப்போக ஊசி இல்லை. மாதிரிக்கு ஊசி போட்டால் முடிவு மாறிவிடும். எல்லாம் ஆனதும் தங்கச்சி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அறிவிப்புக்காரி பார்க்கவில்லை. முதலில் பேசிப் பார்த்தாள்.

"தாமதம்."

அறையே திரும்பிப் பார்த்தது. அந்தச் சொல் அவள் வாயிலிருந்து புதுக் காசு விழுவதுபோல் விழுந்தது.

"தாமதம். தடம். தயவுசெய்து. நடத்துநர். தாமதம், தாமதம்!" அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு வண்டி பிந்தி வருவதை நினைத்து உலகத்தில் யாரும் அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டார்கள்.

"அப்ப வீட்டுக்குப் போலாமா?" என்றாள் தங்கச்சி.

"எப்படிப் போவீங்க? வாய் மாதிரியான சூழல்ல ஊற வெக்கணும்" என்றாள் லேசரம்மா.

"ஏற்கெனவே வாயிலதானே இருக்கு?"

"அது வாய். நமக்கு வேண்டியது வாய் மாதிரியான சூழல்."

ஆகவே அறிவிப்புக்காரி காய்ச்சி வடித்த வெதுவெதுப்பான நீரை வாய் நிறைய வைத்துக்கொண்டு, கன்னம் உப்ப, பெஞ்சில் உட்கார்ந்தாள். விழுங்கினால் மறுபடி ஊற்றினார்கள். அது முடிந்ததும் சூடு குளிர் சோதனை. மனிதர் ஆயுள் முழுக்கக் குடிக்கிற சூட்டையும் குளிரையும் ஒரே மூச்சில் காட்டிவிட வேண்டுமாம். ஒரு கோப்பையில் பனிக்கட்டித் தண்ணீர், ஒரு கோப்பையில் கொதிக்கிற பதத்துக்குச் சற்று முந்திய தண்ணீர். மாறி மாறி. இடையில் மூச்சு விட நேரம் கேட்டாள். வட்டுகள் ஒருபோதும் கேட்டதில்லை என்று லேசரம்மா வருத்தத்தோடு சொன்னாள். நாக்குத் தோல் உரிந்தது, அண்ணம் கொப்பளித்தது. பல் மட்டும் அசையவில்லை.

பக்கத்தில் தையல்காரருக்கு வேறு துன்பம். அவர் ஒன்றும் செய்யப்படாத குழு. லேசர் எவ்வளவு உயர்ந்தது என்று காட்ட, அவர் பல் விழுந்தாக வேண்டும். அது விழவில்லை. லேசரம்மா தினமும் காலையில் வந்து ஒரு சின்னக் கொக்கியால் தட்டிப் பார்ப்பாள்.

"இன்னும் விழலையா?"

"விழணும்னுதான்மா ராத்திரி வேண்டிக்கிட்டுப் படுக்கறேன்" என்பார் அவர் குற்ற உணர்ச்சியோடு.

"கொஞ்சமாவது ஆடுதா?"

"மனசுதான்மா ஆடுது."

ஒரு நாள் அவர் பழக்க தோஷத்தில் சட்டைப் பொத்தானின் நூலை அந்தப் பல்லாலேயே கடித்து அறுத்ததை லேசரம்மா பார்த்துவிட்டாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இயக்குநருக்குத் தகவல் போனது. ஒட்டக் கூடாதது ஒட்டினால் அது உண்மையாக இருக்க முடியாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். தையல்காரர் விலகல் என்று குறிக்கப்பட்டு, கணக்கிலிருந்து நீக்கப்பட்டு, வாசலுக்கு வெளியே விடப்பட்டார். பல் ஒட்டியது, ஆள் ஒட்டவில்லை.

போகிறபோது அவர் அறிவிப்புக்காரியின் காதோரம் குனிந்தார். "அம்மா, தப்பா நெனக்காதீங்க. இந்த இடத்துல நல்லா இருந்தாத்தான் ஆபத்து. எப்படியாவது கெட்டுப்போயிடுங்க."

அவளுக்கு அது விளங்கவில்லை. அவள் பல் அன்றைக்கும் கல் மாதிரி நின்றது.

இயக்குநரின் மாநாடு நெருங்கியது. அதுவரை மாதிரி தன் சொந்த வாயிலேயே ஊறலாம் என்று பெரிய மனசு பண்ணி அனுப்பி வைத்தார்கள். அறிவிப்புக்காரி கூண்டுக்குப் போனாள். ஒலிபெருக்கியைத் தட்டினாள். "மூன்றாவது தடத்தில் நிற்கும் வண்டி தாமதமாகப் புறப்படும்" என்றாள். ஒலிபெருக்கிக்குக் கீழே படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள்.

மேலாளர் தாமே கூண்டுக்கு வந்தார். "அருமை! முன்னாடியவிட நல்லா இருக்கே" என்றார். "ஒரு காரியம் பண்ணுங்க. எல்லா அறிவிப்பையும் ஒரு தடவை பதிவு பண்ணிடுங்க. எல்லா ஊர் பேரு, எல்லாத் தடம், எல்லாத் தாமதமும். சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

பாராட்டு வாங்கிய வாய் அல்லவா? சந்தோஷமாகப் பதிவு செய்தாள். குழந்தை தொலைந்ததை மட்டும் ஐந்தாறு விதமாகச் சொல்லச் சொன்னார். சொன்னாள்.

"அப்ப என் வேலை?" என்றாள் எல்லாம் முடிந்ததும்.

"வேலை எங்கம்மா போகப் போகுது? ஆனா நாளைக்கு நடு அறிவிப்புல பல்லு கழண்டு விழுந்தா நிலைய மானம் என்னாகும்? பல்லு உறுதியா ஒட்டியிருக்குன்னு அந்த ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. நிரந்தரம் பண்ணிடறேன்."

இப்படியாக அவளே போய்க் கேட்டாள். இதை லேசரம்மா பிற்பாடு பலமுறை சுட்டிக்காட்டினாள்: யாரும் அவளைக் கட்டி இழுத்து வரவில்லை.

"சான்றிதழா? தாராளமா" என்றாள் லேசரம்மா. "உறுதிச் சோதனை முடிஞ்ச உடனே குடுத்துடுவோம். மாநாட்டு மேடையிலயே பண்றோம். நீங்கதான் இந்த வருஷத்தோட சிறந்த மாதிரி."

முதல்முறையாக அவளிடமே நேராகப் பேசினாள். அறிவிப்புக்காரிக்குப் பெருமையாக இருந்தது. இருக்கிறதிலேயே நல்ல புடவையை எடுத்து வைத்தாள்.

மாநாட்டு அரங்கில் குளிரூட்டி உறுமியது. மேடை நடுவில் ஓர் இயந்திரம். அதற்கு உறுதிகாண் இயந்திரம் என்று பெயர். மேலே ஒரு தடித்த தூண், தூணின் நுனியில் உளிபோல ஓர் அலகு, கீழே மாதிரியைப் பூட்ட ஒரு பிடி. வட்டுகளுக்காகச் செய்த பிடி; தலைக்காகப் பெரிதாக்கி, காதோரம் பஞ்சு வைத்திருந்தார்கள். பஞ்சு இயக்குநரின் யோசனை. அவர் மனிதாபிமானி என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டிருந்தது.

மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைப் பூட்டிய பிறகுதான், அலகின் நுனி தன் பல்லின் மேல்விளிம்பில் வந்து நிற்பதை அறிவிப்புக்காரி பார்த்தாள்.

"இது எதுக்குங்க?" என்றாள்.

இயக்குநர் அரங்கத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார்.

"ஒட்டியிருக்குன்னு எப்படித் தெரியும்? கண்ணால பாத்தா தெரியாது. கடிச்சுப் பாத்தா தெரியாது. ஒட்டிக்கிட்டே இருக்கிறத வெச்சு ஒட்டியிருக்குன்னு சொல்றது மூடநம்பிக்கை. உடைச்சாத்தான் தெரியும்! எவ்வளவு பலத்துல உடையுதோ, அவ்வளவு பலத்துக்கு ஒட்டியிருந்துது. என் சொந்த வாழ்க்கையிலயும் இதே முறைதான். என் மனைவி என்கிட்ட எவ்வளவு ஒட்டுதலா இருந்தாங்கன்னு, அவங்க பெட்டியத் தூக்கிட்டுப் போன அன்னிக்குத்தான் எனக்குத் துல்லியமா தெரிஞ்சுது."

அரங்கம் கைதட்டியது.

முதல் வரிசையில் இருந்த தங்கச்சி எழுந்தாள். "அய்யா, உடைக்கறதா? அவ வேலையே அந்தப் பல்லுலதான் இருக்கு! ஒட்டத்தானே வந்தோம்?"

"ஒட்டியாச்சேம்மா" என்றார் இயக்குநர் கனிவாக. "இல்லன்னு யாரு சொன்னா? அதத்தானே நிரூபிக்கப் போறோம்."

லேசரம்மா ஒலிவாங்கியை அறிவிப்புக்காரியின் வாயருகே பிடித்தாள். அழைப்பிதழில் 'மாதிரி பேசும்' என்று ஓர் அம்சம் இருந்தது.

பூட்டிய தலையோடு, கண்ணை மட்டும் திருப்பி, அறிவிப்புக்காரி தன் வாழ்க்கையின் மிகத் தெளிவான அறிவிப்பைச் செய்தாள்.

"தயவுசெய்து உடைக்காதீங்க."

இயக்குநர் ஒரு விரலை உயர்த்தினார். "கேட்டீங்களா?" என்றார் குரல் தழுதழுக்க. "அந்தத் த-வைக் கேட்டீங்களா? என்ன சுத்தம்!"

இந்தமுறை கைதட்டல் அடங்க வெகுநேரமானது. அந்தச் சத்தத்தில் யாரோ பொத்தானை அழுத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

பின்னால் இருந்த பெரிய திரையில் எண்கள் ஏறின. அவள் பார்க்க முடியாத இடத்தில் ஏறின. இதுவரை உலகத்தில் பதிவான அதிகபட்ச எண்ணைத் தாண்டியபோது அரங்கம் எழுந்து நின்றது. தங்கச்சி மேடைப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் அவளை மரியாதையாகப் பிடித்துக்கொண்டார்கள். பல் விடவில்லை. இன்னும் விடவில்லை. அறிவிப்புக்காரிக்குத் தன் கண்ணீர் காதுக்குள் வழிவது தெரிந்தது. சிறந்த மாதிரியின் பல் கடைசிவரை சிறப்பாக இருந்தது. பிறகு டக் என்று ஒரு சத்தம்.

வாயிலிருந்து ரத்தம் வந்தது. அதை யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. லேசரம்மா ஒரு குச்சியால் அதை ஒதுக்கிவிட்டு, உருப்பெருக்கியை வைத்து உடைந்த இடத்தைப் பார்த்தாள். பாலிமரும் ரெசினும் சேர்ந்த இடத்தில் உடைந்திருந்தால் ஒட்டு தோற்றதாகப் பொருள்.

"உட்தோல்வி!" என்று கத்தினாள் லேசரம்மா. "ரெசின்தான் ரெண்டா போயிருக்கு. ஒட்டு அப்படியே இருக்கு!"

"கேட்டீங்களா?" என்றார் இயக்குநர். "ஒட்டு தோக்கல. பல்லுதான் தோத்துது!"

ஆளுக்கு ஆள் கட்டிக்கொண்டார்கள். லேசரம்மாவுக்குப் பட்டம் உறுதியானது. அவள் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையம் அந்தக் கணமே கொஞ்சம் வெளுத்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பூட்டைக் கழற்றியபோது அறிவிப்புக்காரியின் சொந்தப் பல் ஒன்று, பக்கத்தில் இருந்தது, ஆடிக்கொண்டிருந்தது. தங்கச்சி அதைக் காட்டினாள். இயக்குநர் குனிந்து அக்கறையோடு பார்த்தார்.

"இது எங்க மாதிரி இல்லம்மா. இது அவங்க சொந்தப் பல்லு. ஆய்வோட எல்லைக்கு வெளியில இருக்கு."

"சரி, உடைச்சதையாவது திருப்பி ஒட்டிக் குடுங்க! உங்களாலதான் முடியுமே!"

"உடைஞ்ச மாதிரியை மறுபடி பயன்படுத்தறது அறிவியல் நேர்மைக்கு விரோதம்" என்றார் இயக்குநர். நேர்மை என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் வெளிக்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அக்காளும் தங்கச்சியும் பதிவு மேசைக்கு ஓடினார்கள். அறிவிப்புக்காரி முகவாயில் துணியை அழுத்திக்கொண்டு, இந்தமுறை யோசிக்காமல் சொன்னாள்.

"ஹோயாளி."

எழுத்தர் புத்தகத்தைப் புரட்டினார். "நோயாளின்றீங்க. ஆனா உங்க பேர்ல 'மாதிரி: ஒன்று. உடைந்தது. கழிக்கப்பட்டது'ன்னு இப்பத்தான் வந்திருக்கு. கழிச்ச பொருளுக்கு எப்படிம்மா நோய் வரும்?" பிறகு, அவருக்கும் மனசு உண்டு என்பதால், மேசைக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். "சான்றிதழ் கேட்டிருந்தீங்களாமே. தங்க எழுத்துல அடிச்சிருக்கு, பாருங்க."

மறுநாள் மேலாளர் அந்தச் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து உரக்கப் படித்தார். இதுவரை அறியப்பட்ட ஒட்டுகளிலேயே மிக உறுதியானது என்று அதில் இருந்தது. கீழே இயக்குநரின் கையெழுத்து.

"பிரமாதம். அப்ப அறிவிப்பு சொல்லிக் காட்டுங்க."

அவள் சொல்லிக் காட்டினாள். ஆடிய பல்லும் இரவே விழுந்துவிட்டதால், இப்போது மூன்று பற்களின் இடைவெளியில் காற்று போனது.

மேலாளர் சான்றிதழைப் பார்த்தார். அவள் வாயைப் பார்த்தார். மறுபடி சான்றிதழைப் பார்த்தார். இரண்டில் எதில் முத்திரை இருக்கிறதோ அதை நம்பினார்.

"பல்லு இல்லாம இப்படிப் பேசினப்ப நான் பரிதாபப்பட்டேன்" என்றார். "இப்ப உலகத்துலயே உறுதியான பல்லு உங்க வாயில இருக்குன்னு பெரிய நிலையமே எழுதிக் குடுத்திருக்கு. பல்ல வெச்சுக்கிட்டே இப்படிப் பேசினா அதுக்குப் பேரு நக்கல். பயணிகளை நக்கல் பண்றவங்களை நான் கூண்டுல வெக்க முடியாது."

"யோவ், அவ வாயைப் பாருய்யா!" என்றாள் தங்கச்சி.

"வாய் அவங்க சொந்தச் சொத்து. அதுல எட்டிப் பாக்க எனக்கு உரிமை இல்ல."

புது நேரப் பட்டியல் அமலுக்கு வந்த அன்று காலையில், அக்காளும் தங்கச்சியும் மூன்றாவது தடத்தில் நின்றிருந்தார்கள். சலவைக்கடை முதலாளியிடம் தங்கச்சி சமாதானம் பேசி, அக்காளுக்கும் வேலை கேட்டிருந்தாள். இஸ்திரி போடுகிற வேலைக்குப் பேச்சு தேவையில்லை. பேசாத ஆள் என்றால் முதலாளிக்கு இரட்டைச் சந்தோஷம் என்று சொல்லியிருந்தார். வண்டியைக் காணோம்.

கூண்டின் கதவு இறக்கிப் பூட்டியிருந்தது. இப்போது அது வழுக்கவில்லை. தலைக்கு மேலே ஒலிபெருக்கி ஒருமுறை கனைத்துக்கொண்டது.

"மூன்றாவது தடத்தில் நிற்க வேண்டிய வண்டி தாமதமாக வரும். தயவுசெய்து காத்திருக்கவும். வருந்துகிறோம்."

அவளுடைய குரல். ஒவ்வொரு த-வும் பல்லைத் தொட்டு எழுந்தது. தங்கச்சி அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண் மேலே பார்த்துத் தலையாட்டினாள்.

"மெஷின் வெச்சதுலேர்ந்து எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க! முன்னாடி ஒருத்தி இருந்தா, ஹாமஹம் ஹாமஹம்னு கத்திக்கிட்டு. இது எவ்வளவு தெளிவு! அப்படியே ஒரு மனுஷி பேசற மாதிரியே இருக்கு, இல்ல?"

'மாதிரிதான்' என்று சொல்ல அறிவிப்புக்காரி வாயைத் திறந்தாள். அந்தச் சொல்லிலேயே த இரண்டு இடத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.